பத்து விரலோடு வீடு சேர்ந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மேனேஜர் ஐயா அவர்களே, நம் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே, ஷிஃப்ட் முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் எண்ணெய்க் கையோடு வந்திருக்கும் பிரஸ் பிரிவுத் தோழர்களே, லேத், வெல்டிங், ஸ்டோர்ஸ் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணியின் மகளே, மருமகனே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு அது தேவையில்லை. இந்த ஆலையில் என் பெயர் சங்கு. ஷிஃப்ட் விடும்போது ஊதுகிற சங்கைவிட என் தொண்டை பெரிது என்று சொல்லி அந்தப் பெயரை எனக்கு வைத்தவர்தான் இன்று அதோ, மேசைமேல் படமாக இருக்கிறார். பதிலுக்கு அவருக்குக் கிரேன் என்று பெயர் வைத்தவன் நான். இரண்டு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது புழங்கியதில்லை. அதனால் பிரஸ் பிரிவின் ஃபோர்மேன், நம் எல்லோருக்கும் மூத்தவர், அன்புக்குரிய கிரேன் அண்ணன் அவர்களை அதே பெயரால்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தலைவர் எனக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று தொடங்குகிறது. நல்ல எழுத்து. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இழப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் நான் இங்கே அழுவதற்கு மட்டும் வரவில்லை. ஒரு பெருமூச்சு விடவும் வந்திருக்கிறேன். அது என்ன பெருமூச்சு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் வேலையில் இருந்தோம். கேட் வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மெஷின் சத்தத்தில் என் காதருகே வந்து கத்தினார்: "கிரேன் போயிட்டாருப்பா!"

நாங்கள் என்ன கேட்டோம் தெரியுமா? "ஐயோ" என்றோமா? "எப்போ" என்றோமா? இல்லை! நானும் என் பக்கத்து மெஷின்காரரும் ஒரே குரலில் கேட்டது: "எந்த மெஷின்ல?"

அன்று அவருக்கு விடுமுறை! அது எங்களுக்குத் தெரியாதா? காலையிலிருந்து அவர் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தோம். ஆனாலும் ஒருவர் போய்விட்டார் என்று கேட்டதும் எங்கள் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். எங்கள் பிழைப்பு எங்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "மெஷினும் இல்ல, மண்ணும் இல்ல. வீட்டுலதான். சாப்பிட்டுட்டு நாற்காலியில சாஞ்சு தூங்கியிருக்காரு. எழுப்பினா எழுந்திரிக்கல."

"கை?" என்று கேட்டார் வெல்டிங்காரர்.

"கைக்கு என்னய்யா? ரெண்டும் முழங்கால் மேலதான் இருந்துச்சாம்."

"அப்பாடா!" என்றேன் நான். சத்தமாக. என் சத்தம் உங்களுக்குத் தெரியும். பிரிவு முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தேவிட்டார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். ஒரு மனிதர் இறந்த செய்திக்கு அப்பாடா என்பதா என்று வெளியிலிருந்து வந்திருப்பவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணியும் அதையேதான் சொன்னார். அவர் எப்போது சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஆலை கேட்டில் ஒரு பலகை தொங்கும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'பிரஸ், லேத் பிரிவுகளுக்கு ஆட்கள் தேவை. உடல் தெம்பு அவசியம்.' அவ்வளவுதான். படிப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. தெம்பு! அது ஒன்றுதான் எங்கள் சர்டிபிகேட்.

பிரஸ் வேலை என்ன வேலை? தகட்டை எடு. கீழ் அச்சில் வை. கையை வெளியே எடு. இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கு. மேல் அச்சு இறங்கும், இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம், தகடு வளைந்து மூடியாகவோ கிண்ணமாகவோ வரும். எடுத்துப் போடு. அடுத்த தகடு. இதை நின்றுகொண்டே செய்ய வேண்டும். மதியத்துக்குமேல் இடுப்பு கழன்றுவிடும். கால் மரத்துப்போகும். பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஒரு ஷிஃப்ட் நின்று பார்க்கட்டும்!

அந்த இரண்டு பட்டன் எதற்கு? இரண்டு கையும் வெளியே இருந்தால்தான் மேல் அச்சு இறங்கும், கை மாட்டாது. நல்ல ஏற்பாடு. அதற்கு நாங்கள் என்ன செய்தோம்? ஒரு பட்டனை அமுக்கிய வாக்கில் துணியால் கட்டிவிட்டோம்! ஒரு கை தகடு வைக்கும், மறு கை பட்டன் அமுக்கும். வேகம்! "அவனா? அசராத ஆளு!" என்று ஒரு பெயர்! அந்தப் பெயருக்காக அன்று எல்லோரும் கட்டினோம், நானும் கட்டினேன்.

இதோ, என் இடது கை. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? மூன்று விரல். மீதி இரண்டும் அந்தத் துணிக்குப் போனவை.

அன்று என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் கிரேன் அண்ணன். வண்டி வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை. மூட்டையைப் போட்டுக்கொள்வதுபோல என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் ஓடினார். "அண்ணே, எனக்குக் கையிலதான் அடி! காலு நல்லாத்தான் இருக்கு, எறக்கி விடுங்க!" என்று நான் கத்தினேன். "வாய மூடுடா, ரத்தம் எல்லாம் வாய் வழியாவே போயிடும் போலிருக்கு" என்றார். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை. அங்கே ஒரு பெண் வேலையில் இருந்தார். எங்கள் நீலச் சட்டையைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிப்போயிற்று. "மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றார். நாங்கள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஆனால் இந்தச் சட்டையை அந்த அறை நிறையப் பார்த்திருக்கிறது.

என் கையைக் கழுவிக் கட்டி முடித்ததும் அவர் என் பின்னால் நின்ற மலையைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கையக் காட்டுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இவனுக்குத்தான்."

"காட்டுங்கன்னா காட்டுங்களேன்."

அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். "பத்து. இப்படியே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இவ்வளவு பெரிய உடம்புக்காரர் திரும்பி வரும்போது வழியெல்லாம் வாயே திறக்கவில்லையே! எனக்கு அப்போதே சந்தேகம்.

கட்டு மாற்ற நான் தனியாகவே போகலாம். விடுவாரா? கூடவே வருவார். காயம் காய்ந்து, தோல் மூடி, நான் வேலைக்கும் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் வருவார். "டேய் சங்கு, இன்னொரு தடவ காட்டிட்டு வந்துரலாம்டா. சீழ் கீழ் புடிச்சுக்கப் போகுது."

"ஆறிப்போச்சு அண்ணே."

"ஆறினது உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?"

ஆறின கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை தடவைதான் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது? என் இரண்டு விரல் போய் அவர்களுக்கு ஒரு குடும்பம் வந்தது! கல்யாணத்துக்கு நான் பரிசு எதுவும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். அண்ணி, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடித்த ஜோக்தான்.

கல்யாணத்துக்குமுன் அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நான் அப்போது பக்கத்தில்தான் இருந்தேன், ஆறின கையோடு. "காலையில எத்தன விரலோட வீட்ட விட்டுப் போறீங்களோ, சாயங்காலம் அத்தன விரலோட வரணும். தினம் நான் அறுந்த கைகளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுலயும் வந்து பாக்க என்னால முடியாது. உங்களால முடியும்னா சொல்லுங்க, இல்லன்னா இப்பவே எழுந்து போயிடுங்க."

அண்ணன் என்ன சொன்னார்? "ஒரு நாள் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்! எந்த மாப்பிள்ளையாவது இப்படிச் சொல்வானா? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே வந்ததும் பிடித்துச் சண்டை போட்டேன். "முடியாததுக்கு ஆமான்னு சொல்லச் சொல்றியாடா? பிரஸ்ஸப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்றார். அடுத்த நாள் அவர் மெஷினில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் குப்பையில் எறிந்தார். அப்புறம்தான் போய்ச் சரி என்றார்.

அவர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்குத் தெரியாது? ஆலை கேட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சந்தில், பச்சைக் கதவு. நாம் எல்லோரும் தினமும் அதைக் கடந்துதான் போகிறோம். அண்ணன் கதவைத் தட்டுவார். அண்ணி திறந்து, உள்ளே விடாமல் குறுக்கே நின்றுகொண்டு கேட்பார்: "பத்தா?" அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்: "பத்து." அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்க முடியும். மழை கொட்டுகிறதா? பத்தா? காலையில் இரண்டு பேருக்கும் சண்டையா? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே, பத்தா? கை கழுவினாரா என்று பார்க்கிறார் போலிருக்கிறது, என்ன சுத்தக்காரி என்று எதிர்வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்தப் பத்து போகப் பார்த்தது.

கிரேன் அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குடி இல்லை, சீட்டு இல்லை. முடியாது என்று சொல்லவே மாட்டார்! மற்ற ஆட்கள் இரண்டு பேராகத் தூக்கும் அச்சை அவர் தனியாகத் தூக்கி வைப்பார். யாராவது வரவில்லையா? "நான் பாத்துக்கறேன்." லாரி வந்து நிற்கிறதா? "நான் எறக்கறேன்." அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட மெஷினில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுவார். நாங்களும் அவரைப் பார்த்துப் பார்த்து உட்கார வெட்கப்பட்டோம். அவர் நிற்கும்போது நாம் உட்காருவதா என்று.

அன்று காலை ஷிஃப்ட் முடித்தவர், சாயங்கால ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்றதும் அங்கேயே நின்றுவிட்டார். நின்றது வராத ஆளின் மெஷினில். அந்த மெஷினின் பட்டனில் அவன் கட்டிய துணி அப்படியே இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அண்ணன் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். அசதி. கண் திறந்திருக்கிறது, பார்க்கவில்லை.

மேல் அச்சு இறங்கியது. கை உள்ளே இருந்தது.

அண்ணனின் கை அகலம். விரல்கள் குட்டை. அந்த அகலத்துக்கு இருப்பதிலேயே பெரிய கையுறையைத்தான் ஸ்டோர்ஸில் கொடுப்பார்கள். போட்டால் ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நுனி காலியாகத் தொங்கும். அந்தக் காலி நுனிகளை அச்சு பிடித்துக்கொண்டது. கை கையுறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கையுறை நுனி நாலும் தகட்டோடு தகடாக, காகிதம் மாதிரி!

அவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கிரேன் உட்கார்ந்துவிட்டது என்று ஒவ்வொரு மெஷினாக நின்றது. நான் ஓடிப்போனேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு முடியலடா சங்கு" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. கூடப் போனேன். கதவு திறந்தது. "பத்தா?" அண்ணன் கையை விரித்துக் காட்டினார். பையிலிருந்து அந்த நசுங்கின கையுறையை எடுத்து நீட்டினார்.

அண்ணி அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "உன் மாப்பிள்ளைக்கு விரல் குட்டைன்னு நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்க அக்கா என்னைக் கேலி பண்ணினா. நாளைக்கே அவளுக்கு ஃபோன் போட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"முடியலன்னு எப்போ தோணுச்சு?"

"மத்தியானமே."

"மத்தியானம் தோணினத அப்பவே சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்றது? எல்லாரும் பாப்பாங்கல்ல."

"யாரு?"

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "இவனெல்லாந்தான்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, இவரு முடியலன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன் அண்ணி. நானும் கூட உக்காந்துக்குவேன். எனக்கு தினமும் மத்தியானமே முடியல."

"நல்லா இருக்கு கத! அவரும் முடியல, நீங்களும் முடியல. இத என்கிட்ட வந்து சொன்னா? நானா பிரஸ் ஓட்டறேன்? போய் அங்க சொல்லுங்க!"

தோழர்களே! நம் பிரிவின் நடுவழியில் இருக்கும் அந்த ஸ்டூல், அந்த வாசற்படியில் பிறந்தது. அடுத்த நாள் அண்ணன் கழிவு இரும்பில் குழாய் பொறுக்கி, வெல்டிங்காரரைப் பிடித்து, உயரமாக ஒரு ஸ்டூல் செய்து கொண்டுவந்து எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் போட்டார். "முடியலன்னு தோணினவங்க மெஷின நிறுத்திட்டு இதுல உக்காரணும். யார்கிட்டயும் கேக்க வேண்டாம். உக்காந்தவன யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசினா என்கிட்ட வந்து பேசணும்." அவ்வளவுதான் சட்டம்.

அப்போதிருந்த சூப்பர்வைசர் கேட்டார்: "உக்காந்திருக்கறதுக்கா இங்க சம்பளம்?" அண்ணன் சொன்னார்: "ஆஸ்பத்திரியில படுத்துக்கறதுக்குக் குடுக்கறதவிட மலிவு சார்." அவரும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரிதான் என்று போய்விட்டார்.

யாராவது உட்கார்ந்தோமா? ஒருத்தர்? அசராத ஆட்களாயிற்றே! ஸ்டூல் காலியாகவே நின்றது, பெண் பார்க்க வந்த இடத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காத மாப்பிள்ளை மாதிரி. அப்போது அண்ணன் ஒரு வேலை செய்தார். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் மெஷினை நிறுத்திவிட்டு, நடுவழியில் நடந்து வந்து, அவரே ஏறி உட்கார்ந்தார். இந்த ஆலையிலேயே பெரிய உடம்பு! எல்லோரும் பார்க்க, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கினார். அடுத்த நாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். கிரேனே உட்காருகிறது, நமக்கென்ன வெட்கம் என்று ஒரு நாள் நான் போய் உட்கார்ந்தேன். அப்புறம் ஸ்டூல் காலியாக இருந்த நேரம்தான் குறைவு.

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கெல்லாம் நெசமாவே களைப்பா, இல்ல நடிப்பா?"

"முதல்ல நடிச்சேன்டா."

"அப்புறம்?"

"உக்காந்து பாத்ததுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, எவ்வளவு களைப்பா இருந்திருக்கேன்னு" என்றார்.

அந்த ஸ்டூல் வந்ததிலிருந்து இன்றுவரை நம் பிரிவில் ஒருவருக்காவது விரல் போயிருக்கிறதா? சொல்லுங்கள்! யாருக்காவது? கிடையாது! அதற்கப்புறம் கட்டுப் போடும் அறையில் நம் பிரிவு ஆட்களைப் பார்ப்பதே அண்ணிக்கு மறந்துபோயிற்று.

கேட்டில் ஆள் எடுக்கும் வேலையும் அவரிடம் வந்தது. பலகையைப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அண்ணன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு இரும்புக் கட்டியைக் கொடுப்பார். "புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கை நடுங்கி, கடைசியில் தன் கால்மேலேயே போட்டுக்கொள்ளப் பார்க்கும் ஆளிடம் "போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்பார். நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, "போதும் சார், இதுக்குமேல முடியல" என்கிற ஆளை எடுத்துக்கொள்வார். "தெம்பு எல்லார்கிட்டயும் இருக்குடா. தெம்பு எப்ப தீருதுன்னு தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும்" என்பார்.

ஒரு தடவை வரிசையில் ஒரு பெண் நின்றார். கட்டியை வாங்கவே இல்லை. கேட் வழியாக உள்ளே ஷெட் கூரையை அண்ணாந்து பார்த்து, "அதோ தூக்கறதுக்குச் சங்கிலி தொங்குதே, அத எதுக்கு சார் வாங்கி வெச்சிருக்கீங்க? அழகுக்கா?" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணன் அந்த நிமிடமே உள்ளே அனுப்பினார். இன்று பெரிய லேத்தில் நிற்கிறாரே நம் லேத் தங்கச்சி, அவர்தான். எங்கேம்மா இருக்கே? அதோ, பின்னால். கையை ஆட்டுகிறார். அந்தக் கையிலும் எல்லாம் இருக்கிறது.

சரி. இனி நேற்றைய கதை. அண்ணனை அனுப்பி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நேற்று. உள்ளே நுழைந்தேன். நடுவழியைப் பார்த்தேன். ஸ்டூல் இல்லை!

அவர் போய் ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள்ளா? நடுவழியில் எதுவும் இருக்கக் கூடாது என்று போன மாதம்தான் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். மேனேஜர் அறைக்கு எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. என்னவெல்லாம் பேசினேன் என்று அவருக்குத்தான் தெரியும். ஐயா, அதையெல்லாம் இங்கே சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை. முடித்ததும் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "குடிச்சிட்டு வெல்டிங் ஷெட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றார்.

போனேன். ஸ்டூல் அங்கே இருந்தது. ஒரு கால் ஆட்டம் கண்டிருந்ததாம், வெல்டிங்காரர் குனிந்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். அது மட்டுமா? பக்கத்தில் அதே உயரம், அதே அளவு, புதிதாக இன்னும் மூன்று ஸ்டூல்! "லேத்துக்கு ஒண்ணு, வெல்டிங்குக்கு ஒண்ணு, ஸ்டோர்ஸுக்கு ஒண்ணு. மேனேஜர்தான் செய்யச் சொன்னாரு. மஞ்சக் கோட்டக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்னாரு" என்றார் வெல்டிங்காரர். "ஏய்யா, இத முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க எங்க அண்ணே அடுத்தவங்கள பேச விடுறீங்க?" என்றார். வாஸ்தவம்தான். நான் அந்தப் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். சூடு இன்னும் ஆறவில்லை, துள்ளி எழுந்தேன், அது வேறு விஷயம். ஆனால் மனசு ஆறிவிட்டது. அவர் போட்டது எங்கும் போகாது.

இப்போது, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன்.

அன்று அண்ணன் வீட்டுக்கு முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். பச்சைக் கதவு திறந்தே கிடந்தது. அவர் நாற்காலியில் அப்படியேதான் இருந்தார், ஸ்டூலில் உட்காருகிற மாதிரி முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு. அண்ணி கீழே, அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அன்று கட்டுப் போடும் அறையில் செய்த மாதிரியே, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். வலது கை. இடது கை. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்தும் இருக்கு தம்பி. அப்பாடா! கொண்டாந்து சேத்துட்டாரு."

இத்தனை வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் கதவுக்குப் பின்னால் நின்று பயந்த ஒரு மனுஷியின் பெருமூச்சு அது. அன்று நான் சொன்ன அப்பாடாவும் அதேதான். இதைவிட ஒரு பிரஸ்காரனுக்கு என்ன வெற்றி வேண்டும்? சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்! முழுசாகப் போயிருக்கிறார்! வலியில்லாமல், பயமில்லாமல், வயிறு நிறைய, நாற்காலியில் உட்கார்ந்தபடி போயிருக்கிறார்! அண்ணனை நினைத்தால் அழுகை வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் நான் கிளம்பும்போது அண்ணி ஒரு கேள்வி கேட்டார். சங்குக்கு அன்று சத்தம் வரவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் சங்கு ஊதுமே தம்பி. நான் கதவத் திறந்துக்கிட்டு யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்றார்.

அண்ணி! அன்று வராத பதிலை இன்று சபையில் சொல்கிறேன். எங்களிடம் கேளுங்கள்! நாங்கள் எல்லோரும் உங்கள் வாசலைத் தாண்டித்தானே பஸ்ஸுக்குப் போகிறோம்? சங்கு ஊதியதும் கதவைத் திறந்துவையுங்கள். நாளை முதல் ஒவ்வொரு ஷிஃப்டும் உங்கள் வாசலில் கையைக் காட்டிவிட்டுத்தான் போகும். மழையா, காட்டுவோம். பஸ் போய்விடுமா, போகட்டும், அடுத்த பஸ் வரும். ஸ்டூலில் உட்காருவோம். ஒரு பட்டனிலும் துணி ஏறவிட மாட்டோம். முடியவில்லை என்றால் முடியவில்லை என்போம். ஒரு நாள் ஒரு விரல் குறைந்து வந்தால் நீங்கள் எங்களை அந்தச் சந்து வழியாகவே போக விடாதீர்கள்.

தோழர்களே, எழுந்து நிற்போம். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து பேசாமல் நிற்பார்கள். கிரேன் அண்ணனுக்கு அது வேண்டாம். தலையை நிமிர்த்துங்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், விரலை நன்றாக விரித்து! மேனேஜர் ஐயா, நீங்களும். லேத் தங்கச்சி, இன்னும் உயரமாக. எண்ணெய்க் கை பரவாயில்லை, அண்ணி இதைவிட எண்ணெயெல்லாம் பார்த்தவர்.

ம். கேளுங்கள் அண்ணி. எப்போதும் கேட்கிற மாதிரியே கேளுங்கள். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதை மட்டும் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பத்து!